படத்துக்கு ஒரு மழைக்கோட்டு

ஒண்டிக்கடையிலிருந்து வாழவந்திக்குப் போகும் மாலை பஸ்ஸில், முழுக்க நனைந்த ஒரு பெண்மணி எனக்கு முன் சீட்டில் வந்து உட்கார்ந்தார். அவரோடு கெஸ்ட் பங்களாவில் வேலை செய்யும் இன்னொருவர், கொஞ்சம் இளையவர், இடம் விட்டு நகர்ந்தார்.

“ஏனுங்கக்கா, காலைல மழைக்கோட்டு போட்டுட்டுத்தான வந்தீங்க?”

“அதைப் படத்துக்குப் போத்திட்டு வந்துட்டேன்.”

“எந்தப் படத்துக்குங்க?”

“பங்களா வராண்டால இருக்குதே, வெள்ளைக்காரங்க காலத்துக் கேலிப் படம். மழைக் காத்துல தொரையோட குடை திரும்பிக்கிட்டு, தொப்பி பறந்துட்டு இருக்கும். வர்ற கெஸ்ட்டெல்லாம் பாத்துப் பாத்துச் சிரிப்பாங்களே.”

“ஆமாங்க.”

“அதுக்கு மேல ஓடு ஒழுகுது. படம் நனைஞ்சிரும், எதையாச்சும் போத்துன்னாரு மேனேஜரு. என் கோட்டுத்தான் கைல இருந்துச்சு.”

“கழட்டி வேற எடத்துல வெச்சிருக்கலாமுங்க.”

“ஸ்குரூ போட்டு இறுக்கியிருக்குது.”

இளையவர் சிரித்துவிட்டார். “மழைல நிக்கற தொரை நனைஞ்சாத்தான் என்னங்க?”

“சிரிக்காத கண்ணு. போன வாரத்துக் காய்ச்சலே இன்னும் விடல. இன்னொருக்கா படுத்தா வேற ஆளப் பாத்துக்கறேன்னு மேனேஜரு சொல்லிட்டாரு.”

சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு இருமல் வந்தது. இளையவர் தன் துண்டை எடுத்துக் கொடுத்தார். அதுவும் ஈரம்தான்.

வாழவந்தியில் இறங்கும்போது மழை சாய்ந்து அடித்தது. இளையவர் இருவருக்குமாகக் குடையை விரித்தார். காற்றில் அது உடனே திரும்பிக்கொண்டது.

“போச்சுங்கக்கா. நம்மளையும் படம் வரைஞ்சு மாட்டிருவாங்க.”

“மாட்டட்டும் கண்ணு. அப்பத்தான் நமக்கும் எதையாச்சும் போத்துவாங்க.”