மருமவனுக்கு எடுத்து வெச்ச ஈரல்

டீ நல்லா கீது சார். சக்கர கொஞ்சம் தூக்கல், ஆனா பரவால்ல. எங்க வூட்ல பவன்குமாருக்கும் இப்டி தான் வேணும், டம்ளர் அடில சக்கர நிக்கணும் அவனுக்கு. பவன்குமாரு என் மருமவன். அவன் செத்த கேசுக்கு தான் என் பொண்ணு ரூபாவ புடிச்சி ஜெயில்ல வெச்சிருக்கீங்க. அவ பண்ணலன்னு சொல்லத் தான் வந்தேன்.

நல்ல புள்ள சார் அவன். மாம்பழ ஜூஸ் கம்பெனில லோடு வண்டி ஓட்டிக்கினு இருந்தான். கண்ணாலம் ஆயி எங்க வூட்டோட தான் இருந்தாங்க. ரூபா வயித்துல இருக்கும்போதே அவ நைனா பூட்டாரு. மாந்தோப்புல கூலி வேல செஞ்சி தான் அவள வளத்தேன். அவள வுட்டுட்டு ஒரு நாளு கூட நான் தனியா படுத்ததில்ல. கண்ணாலம் ஆனப்பறமும் நடுவால ஒரு தட்டி தான், அந்தப் பக்கம் அவ இருமனா இந்தப் பக்கம் நான் எழுந்து தண்ணி எடுத்துக்கினு போவேன். "அத்த, நீ தூங்குவியா மாட்டியா"ன்னு பவனு சிரிப்பான். கோவமே வராது அவனுக்கு.

சீசன் முடிஞ்சதும் பெங்களூர்ல டிரைவர் வேல கெடச்சிடிச்சி. "நீயும் வா அத்த"ன்னான். வாய் வார்த்தைக்கு சொல்றான்னு எனக்குத் தெரியாதா இன்னா. ரூபா துணி மடிச்சிக்கினே பாடிக்கினு இருந்தா. அவ்ளோ சந்தோசமா அவள நான் பாத்ததில்ல. எனக்கு வயிறு எரிஞ்சிச்சுன்னு சொல்லக் கூடாது சார், பெத்த வயிறு. பயமா இருந்துச்சு, அவ்ளோ தான்.

கெளம்பறதுக்கு மொத நாளு கோழி அடிச்சேன். எங்க வூட்ல கோழின்னா ஈரல் மருமவனுக்கு. வறுத்து தனியா கிண்ணத்துல எடுத்து வெச்சிடுவோம், வேற யாரும் தொட மாட்டாங்க. ரூபா தான் எடுத்துப் போட்டா. அவன் ஒரு துண்டு எடுத்து அவளுக்கு ஊட்டப் போனான். "ச்சீ, அது உன்னுது, நீயே துன்னு"ன்னு மூஞ்சிய திருப்பிக்கினா. நான் அடுப்பாண்ட நின்னு பாத்துக்கினு தான் இருந்தேன். அந்த நேரம் எனக்கு உயிரே இல்ல சார்.

விடியறதுக்குள்ள அவன் பூட்டான். பெரியாஸ்பத்திரில அறுத்துப் பாத்துட்டு, வயித்துல பூச்சி மருந்து கீதுன்னு சொல்லிட்டாங்க. நீங்க வர்றதுக்குள்ள எங்க ஊரே போலீசாயிடிச்சி. அதுக்குப் பெரியவரு ஹேமநாத்து. ரிட்டயர்டு பஸ் கண்டக்டரு, கழுத்துல இன்னும் விசில் தொங்கும். "எல்லாரும் காணிப்பாக்கம் கோயிலுக்கு வாங்க, அங்க எவன் பொய் சொல்றான்னு பாத்துடறேன்"னு டெம்போ புடிச்சி எங்கள ஏத்தி, ஏறி முடிச்சதும் ரைட்டுன்னு விசில் ஊதனாரு. கோயில் கொளத்துல, கோனேர்ல முழுகி, ஈரத் துணியோட விநாயகர் முன்னாடி சத்தியம் பண்ணணும். அங்க பொய் சொன்னவன் உருப்புட மாட்டான்னு எங்க ஊர்ல பச்சப்புள்ளக்கிம் தெரியும்.

அங்க போனா, கொலையத் தவிர எல்லாம் வெளிய வந்துச்சு. பால் ஊத்தற கல்பனா "தண்ணி கலக்கறேன் சாமி, மன்னிச்சிடு"ன்னு ஓன்னு அழுதா. கங்கையா எனக்கு வித்த கோழி, ஹேமநாத்து வூட்ல திருடனதுன்னு ஒத்துக்கினான். அத்தோட ஹேமநாத்துக்கு கொலையே மறந்து பூடிச்சி. "அடப்பாவி, என் வரிக்கோழியாடா அது"ன்னு ஈர வேட்டிய புடிச்சிக்கினு அவன தொரத்தறாரு. சாமி கும்புட வந்தவங்கல்லாம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் சார், பொய் சொல்லக் கூடாது.

அப்பால என் மொற. "அந்தப் புள்ளய நான் கொல்லல"ன்னு சொல்லி கற்பூரத்த அணைச்சேன். விநாயகரும் அவங்க ஆத்தா வாசல்ல காவல் நின்ன புள்ள தான, ஒரு ஆத்தா மனசு அவருக்குப் புரியாதா. எனக்கு ஒரு தலவலி கூட வர்ல. சரி, அவரே ஒத்துக்கினாருன்னு வூட்டுக்கு வந்து நல்லா தூங்கனேன்.

ரூபா தான் சத்தியம் பண்ணல. முழுகிட்டு வந்தவ கற்பூரத்தையே பாத்துக்கினு நிக்கறா. "என் கையால தான போட்டேன், நான் எப்டி இல்லன்னு சொல்றது"ன்னா. அவ்ளோ தான், ஊரு முடிவு பண்ணிடிச்சி. கோழி திருடன கங்கையா கூட அவளப் பாத்து தள்ளி நின்னான். உங்க ஆளுங்க வந்து கேட்டப்பவும் அவ அதையே தான் சொன்னா.

ஜெயில்ல போயி பாத்தேன். பாதியா எளச்சிட்டா. "யம்மா, அன்னிக்கி தோப்புல மருந்து டப்பா எடுத்துக் குடுத்தேனே, கைய சரியா கழுவாம வுட்டுட்டேனா"ன்னு என்னையே கேக்கறா. பொழுதன்னிக்கும் அதயே தான் நெனச்சிக்கினு கீறாளாம். நான் கம்பி வழியா கைய வுட்டு தலைய தடவி, அழாத கண்ணுன்னு சொல்லிட்டு வந்தேன்.

வூட்ல அவங்க கட்டி வெச்ச பொட்டிங்க அப்டியே கெடந்துச்சு. பிரிச்சேன். பவனு கட்டன பொட்டில என் இட்லி குண்டான் இருந்துச்சு சார். அது மேல என் போர்வ, என் மூட்டுவலி தைலம். நெசமா தான் கூப்ட்டிருக்கான் அந்தப் புள்ள. குண்டான மடில வெச்சிக்கினு வாய் வுட்டு அழுதேன். அப்பால பசி வந்துச்சு, அதுலயே இட்லி ஊத்தி துன்னேன்.

மாமரத்துக்கு அடிக்கிற மருந்து சார் அது. ஈரல்ல கலந்தது நான் தான். ரூபாவுக்கு ஒண்ணும் தெரியாது. தாட்சாயணி சொன்னான்னு எழுதிக்கோங்க, எங்க வேணா கைநாட்டு வெக்கிறேன்.

இப்ப ஏன் வந்தேன்னு தான கேக்கறீங்க. அவளுக்கு பெயில் கெடச்சிடும்னு வக்கீலு சொல்றாரு. வெளிய வந்ததும் பெங்களூர் போறாளாம், பவனு பாத்து வெச்ச அந்த வூட்டுக்கே. "இனிமே இந்த ஊர் பக்கமே வர மாட்டேன் யம்மா"ன்னு சொல்லிட்டா. தனியா ஒரு பொண்ணு, அவ்ளோ பெரிய ஊர்ல. பெத்தவளுக்கு மனசு கேக்குமா சார். அவ நல்லதுக்கோசரம் தான் எல்லாத்தையும் சொல்லிட்டேன்.

அவள வுட்டுடுங்க. ஆனா மொத சாட்சியா அவ பேரப் போடுங்க. கேசு முடியற வரைக்கும் சாட்சி ஊர வுட்டுப் போவக் கூடாதுல்ல சார்?