பிழையில்லாத புரோகிராம்

எனக்குக் காபியில் சர்க்கரை கொஞ்சம் தூக்கலாக வேண்டும், இன்ஸ்பெக்டர் ஐயா. இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பொய் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இன்றைக்கு ஒரேயடியாகச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் கம்பெனி சென்னையில் புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருந்தது. எந்த வேகனில் எவ்வளவு மல்லாட்டைக் கடலை ஏற்றுவது என்று கணக்கிடும் புரோகிராமை விழுப்புரம் கிளையில் உட்கார்ந்து தாளில் எழுதுவோம். அதை அட்டைகளில் துளையிட்டு மெஷினுக்குக் கொடுப்பது சென்னைக்காரர்கள் வேலை. எழுதுபவன் விருத்தாசலம், சரிபார்ப்பவன் நான். அவன் என்னைவிடச் சின்னவன், கெட்டிக்காரன். மேலிடத்தில் அவன் பெயரைத்தான் சொல்வார்கள். அதில் எனக்கு வருத்தம் கிடையாது.

ஒன்றைக் கவனித்தேன். கல்யாணமான புதிதில் அவன் எழுதியதெல்லாம் தப்பும் தவறுமாகத் திரும்பி வந்தது. அப்பா செத்த மாதம் எழுதியதோ ஒரே தடவையில் ஓடியது. சந்தோஷம் அவனுக்கு ஆகாது என்று புரிந்துகொண்டேன். தீபாவளிக்கு லீவு கொடுக்கவில்லை. எல்லார் முன்னாலும் திட்டினேன். வேலை நிஜமாகவே திருந்தியது.

பிறகு அவன் மனைவி காந்திமதி தலைப்பிரசவத்துக்குத் திண்டிவனம் போனாள். இவன் புரோகிராமை விட்டுவிட்டுப் பிள்ளைக்குப் பெயர் யோசிக்க ஆரம்பித்தான். ஒரு மத்தியானம் அவள் தம்பி தாண்டவராயன் பஸ்ஸைவிட்டு இறங்கி ஓடிவந்தான்.

“சார், மாமாவ ஜல்தி அனுப்புங்க. புள்ள இன்னும் பொறக்கல, அக்காவுக்கு ரத்தம் போய்க்கினே இருக்குது. எங்க யாரு ரத்தமும் சேரலன்னுட்டாங்க. மாமா ரத்தத்தப் பாக்கணுமாம்.”

விருத்தாசலம் உள்ளறையில்தான் எழுதிக்கொண்டிருந்தான்.

“அவன் மெட்ராஸ் போயிருக்கானேப்பா. வந்தா அனுப்பறேன்.”

பையன் அழுதுகொண்டே திரும்பிப் போனான். சாயங்காலம் விருத்தாசலம் என்னிடம் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் புறப்பட்டபோதும் நான் வாயைத் திறக்கவில்லை. மறுநாள் செய்தி வந்தது. தாயும் போய்விட்டாள், பிள்ளையும் போய்விட்டது.

பாவம்தான். ஆனால் வேலையில் மனசுக்கு இடம் கொடுக்கக் கூடாது என்பவன் நான்.

துக்கத்தில் நன்றாக எழுதுவான் என்று எதிர்பார்த்தேன், அவன் எழுதவேயில்லை. பென்சிலைப் பிடித்தபடி வெற்றுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். மீதியை நானே எழுதவேண்டியதாயிற்று. அந்த நாட்களில் எனக்கு நல்ல பசி, நல்ல தூக்கம். எழுதும்போது என்னையறியாமல் பாட்டுக்கூட முணுமுணுத்தேன். மெஷின் ஒரு பிழையும் காட்டவில்லை, ஐயா.