வெள்ளையடிக்க எடுத்த விடுப்பு

அழும் பிள்ளையை அன்பால் அணைத்து, அலறும் அன்னையை அரை வார்த்தையில் அமர்த்தும் அருங்குணத் தாயே! சிறுவர் பிரிவின் தலைமைச் செவிலியரே! குத்து வாங்கிய பிள்ளைகளும் குதூகலமாய்க் கூப்பிடும் எங்கள் ஊசி அக்காவே! பணி நிறைவு பெறும் தங்களுக்குப் பாசத்தில் நனைந்த எங்கள் வணக்கம்!

காய்ச்சலில் கொதிக்கும் பிள்ளையோடு கதிகலங்கி ஓடிவருவோருக்கு, மருந்துக்கு முன் தாங்கள் தந்தது தெளிவு. "வைரஸுக்குச் சொந்தமா அடுப்பு கூட கிடையாதும்மா. நம்ம செல்லுக்குள்ள புகுந்து, அங்கேயே தன்னை மாதிரி ஆயிரம் செஞ்சுக்கும். ஆனா நம்ம ஆளுங்க சும்மா விடுவாங்களா? ரத்தத்துல ஒரு கூட்டம் அதை முழுங்கும். ஒரு கூட்டம் அது புகுந்த செல்லையே தேடி அழிக்கும். இன்னொண்ணு, அது வேற எங்கயும் ஒட்ட முடியாதபடி எதிர்ப்புப் பொருளைச் சுரக்கும். அந்தச் சண்டையோட சூடுதான் இது" என்று தாங்கள் சொல்லி முடிப்பதற்குள் பாதிக் கலக்கம் பறந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் எங்கள் மருத்துவர்!

பொய்யே அறியாத பொன்மனம் என்று எழுதத்தான் ஆசை. எழுதினால் கை கூசும்.

பல்லாண்டுகளுக்கு முன், சின்னம்மை கண்ட சிறுமி ஒருத்தி தனியறையில் கிடந்தாள். அவளைக் கவனிக்கும் முறை, நாளை தங்கள் நாற்காலியில் அமரப்போகும் நம் தோழிக்கு வந்தது. அவருக்கு அப்போது வயிற்றில் தலைப்பிள்ளை. அம்மை வந்ததே இல்லை. தொற்றினால் தாய்க்கும் ஆபத்து, சேய்க்கும் ஆபத்து. "எனக்குச் சின்ன வயசுலயே வந்து போயிடுச்சுடி. இனி என்னை அது ஒண்ணும் செய்யாது. நீ அந்தப் பக்கமே வராத" என்று அவரை விரட்டிவிட்டு உள்ளே போனீர்கள்.

சிறுமி தேறி வீடு போன கையோடு, "வீட்டுக்கு வெள்ளையடிக்கணும்" என்று விடுப்பு எடுத்தீர்கள். சில நாள் கழித்து, ஒத்தாசைக்கென்று வாளியும் வெள்ளையடிக்கும் மட்டையுமாக வந்து நின்ற நம் வார்டு உதவியாளர் கண்டது என்ன? சுவரில் ஒரு பொட்டுச் சுண்ணாம்பு இல்லை. தங்கள் முகமெங்கும் கொப்புளம்! அம்மை அதற்குமுன் தங்களுக்கு வந்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கொப்புளம் எழும் முன்பே தொற்று பரவும் என்று அறிந்தவர், அதற்குள் அந்தத் தோழியை விட்டு விலகிப்போயிருக்கிறீர்கள்.

கொப்புளம் காய்ந்து, பக்கெல்லாம் உதிர்ந்து திரும்பிய தங்களைக் கட்டிக்கொண்டு அந்தத் தோழி அழுதார்.

"ஏன்க்கா பொய் சொன்னீங்க?"

"எனக்கு உள்ள சண்டை போட ஆள் இருக்குடி. உன் வயித்துல இருக்கறதுக்கு யாரு இருக்கா?"

இதை வெளியே சொல்லக்கூடாது என்று எங்களை அடக்கியே வைத்திருந்தீர்கள். இன்றோடு தங்கள் அதட்டலுக்கும் ஓய்வு, சொல்லிவிட்டோம்!

நோய் அண்டாமல், நடை தளராமல், நாவின் குறும்பு குறையாமல் நெடுங்காலம் நலமோடு வாழ்க! இம்மடலை எழுதியவர்கள் நாங்கள். தங்கள் முன் நின்று இதை வாசிப்பவள், அன்று அந்த வயிற்றில் இருந்த மகள்.

பிரிய மனமில்லாத,
சிறுவர் பிரிவுப் பணியாளர்கள்