சிவம் தூக்கித் தந்த பந்து

ஓடுகிறோம். கடையின் பின்வளவு. பிற்பகல் மூன்று இருபது. சுவர் மணிக்கூட்டைக் கடைசியாகப் பார்த்தது அப்போதுதான். முன்பக்கம் பலகைக் கதவில் கோடரி விழுகிறது. பதினொரு பலகை. உடைகிற சத்தத்தை எண்ணுகிறேன். நாலு. ஐந்து. பிறகு போத்தல்கள் நொறுங்குகின்றன. பிறகு புகை மணம்.

1977, ஆவணி. தெற்கே ஒரு பட்டணம். அதன் பெயரை எழுத எனக்கு மனமில்லை. கடை எங்கள் தீவுக்காரர் ஒருவருடையது. முதலாளி அன்று ஊரில் நின்றார். கடையில் நானும் சிவமும் மட்டும். இருவரும் புங்குடுதீவு, இறுப்பிட்டி. இருவரும் ஒரே கரப்பந்து அணி. அவன் பந்தைத் தூக்கித் தருவான். நான் துள்ளி அடிப்பேன். ஊரில் எங்களைத் தனித்தனியே யாரும் கூப்பிட்டதில்லை.

நான் மதில் ஏறிவிட்டேன். உச்சியில் போத்தல் ஓடு பதித்திருக்கிறது. சாக்கை மடித்துப் போட்டு அதன்மேல் நிற்கிறேன். அந்தப் பக்கம் ஒழுங்கை. ஆட்கள் இல்லை. சிவம் மதிலடியில் நிற்கிறான். கையை நீட்டினால் அவனை இழுத்துவிடலாம்.

நான் கையை நீட்டவில்லை. கத்தினேன்.

"பந்து! பந்தை விட்டிட்டமடா!"

புதுத் தோல் பந்து. கோயில் திருவிழாவோடு ஊரில் போட்டி இருந்தது. அதற்கென்று கொழும்பிலிருந்து எடுப்பித்தோம். அப்படியொரு பந்தை எங்கள் ஊர் கண்டதில்லை. பொடியங்கள் வாயைப் பிளக்கப்போகிறார்கள் என்று ஒரு கிழமையாக இரண்டு பேரும் அதே கதைதான். எரிகிற கடையில் பந்தை நினைக்கிறவன் விசரன். அன்று இரண்டு விசரர்கள் இருந்தோம். சிவம் ஏனென்று கேட்கவில்லை. திரும்பி உள்ளே ஓடினான்.

பின்கதவில் தெரிகிறான். முகமெல்லாம் கரி. "பிடியடா!" என்று கத்துகிறான். பந்தை எறியவில்லை. தூக்கினான். பத்து விரலாலும், எனக்கு வழமையாகத் தூக்குகிற அதே உயரத்துக்கு. நான் துள்ளினேன். மதிலில் நிற்கிற நினைவு இல்லை. சிவம் தூக்கினால் நான் துள்ளுவேன். வேறொன்றும் எனக்குத் தெரியாது.

பந்தைப் பிடித்தேன். ஒழுங்கையில் கருங்கல் குவியல்மேல் விழுந்தேன். வலக்கால் முறிந்த சத்தம் காதில் கேட்டது. எலும்பு வெளியே வந்தது. அடுத்த சத்தம் கடைக்குள். மண்ணெண்ணெய்ப் பீப்பா வெடித்தது. ஓடுகள் ஒழுங்கைக்குள் கொட்டின. சிவத்தின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் வரவில்லை.

பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண் என்னை விறகுக் கொட்டிலுக்குள் இழுத்துப்போட்டாள். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. மூன்று நாள் அங்கே கிடந்தேன். காலில் புழு வந்தது. பிறகுதான் ஆஸ்பத்திரி. முழங்காலோடு எடுத்துவிட்டார்கள்.

ரயிலால் இறங்கி பஸ்ஸில் ஊருக்கு வந்தேன். பஸ் நின்றதும் பூமணி அக்கா உள்ளே ஏறி வந்தார். சிவத்தின் அக்கா. தாய் தகப்பன் இல்லாதவனைத் தூக்கி வளர்த்தவர். அவன் பந்து தூக்கப் பழகியதும் அவரோடுதான், வீட்டு முற்றத்தில்.

"சிவம் எங்கை?"

"சாமிப் படத்தை எடுக்கவெண்டு உள்ளுக்கை போனவன், அக்கா."

பொய். ரயில் முழுக்க யோசித்து வைத்த பொய். அக்கா அழவில்லை. என் மடியைப் பார்த்தார். இல்லாத காலைப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மடியில் பந்து இருந்தது.

அந்தப் பொய் ஊர்க்கதையாயிற்று. சாமிப் படத்துக்காக உயிர் கொடுத்தவன் என்று அந்தியேட்டிச் சடங்கில் பேசினார்கள். நான் முன்வரிசைக் கதிரையில் இருந்து கேட்டேன். பந்தை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

அணியினர் எனக்கு ஒரு விசிலும் நடுவருக்கான உயரக் கதிரையும் தந்தார்கள். மரியாதையாம். அந்த மரியாதையை நான் வெறுத்தேன். 1978, தை. ஒருநாள் கதிரையிலிருந்து இறங்கினேன். குண்டியால் அரக்கி வலைக்குக் கீழே போய் இருந்தேன். எங்களில் உயரமானவன் இராசன். முதலில் சிரித்தான். என் முகத்தைப் பார்த்தான். வலைக் கயிற்றைத் தளர்த்தி இறக்கினான். பிறகு தானும் நிலத்தில் இருந்தான். மற்றவர்களும் இருந்தார்கள்.

ஒரே விதி. நிலத்தை விட்டு எழும்பக்கூடாது. வெயில் சுட்ட மண்ணில் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினோம். காற்சட்டையில் சாக்குத் துண்டு தைத்தோம். கையூன்றி நகர்ந்து உள்ளங்கைத் தோல் உரிந்தது. பந்து எழும்பினால் என் இல்லாத கால் துள்ளும். முகங்குப்புற விழுவேன். ஒரு மாதம் விழுந்தேன். மாசிப் பனி விட்டபோது அடிக்கத் தொடங்கினேன். நாங்களே கண்டுபிடித்த விளையாட்டென்று பெரிய பெருமை, எழுப்பம் எங்களுக்கு. வேறு நாடுகளிலும் அப்படி ஆடுகிறார்கள் என்று பிறகு யாரோ கடிதம் எழுதினார்கள். எழுப்பம் கொஞ்சம் இறங்கியது.

பிறகு சத்தங்கள் மாறின. கடலில் ரோந்துப் படகு. பாலத்தில் ஆமிக்காரரின் ஜீப். ஆடும்போதும் ஒரு காது தெருவில் கிடந்தது. எங்கள் ஆறு பேரில் மூவர் வெளிநாடு போனார்கள். நாலாமவன் இந்தியாவுக்குப் படகேறினான். அவனிடமிருந்து கடிதம் வரவில்லை.

1982, பங்குனி. பின்னேரம் ஐந்து மணியிருக்கும். இராசனும் நானும் மாறி மாறி அடிக்கிறோம். வேலிக்கு அப்பால் ஒரு பெண்குரல்.

"ஜீப்! ஓடுங்கோ! ஓடுங்கோ!"

இராசன் எழும்பினான். நாலு எட்டு ஓடினான். நின்றான். திரும்பி வந்து எனக்குக் கையை நீட்டினான். "போடா!" என்று கத்தினேன். போகவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது பிடித்தார்கள். நொண்டி எதற்கு என்று என்னை நிலத்தில் போட்டார்கள். ஜீப் பாலம் ஏறுகிற சத்தம் வரைக்கும் கேட்டுக்கொண்டு கிடந்தேன்.

அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. நான் மட்டும் போய் இருப்பேன். ஒருநாள் பூமணி அக்கா வந்தார். சேலையைச் செருகிக்கொண்டு எனக்குப் பக்கத்தில் நிலத்தில் இருந்தார்.

"அலுமாரிக்குள்ளை கிடக்கிற பந்தை எடுப்பியும்."

என்னால் தாங்க முடியவில்லை. மதில், சாக்கு, நீட்டாத கை, நான் கத்தினது, எல்லாவற்றையும் சொன்னேன். அழுது அழுது சொன்னேன்.

"அண்டைக்கே தெரியும்," என்றார். "படத்துக்குப் போனவன் எண்டால் படமெல்லோ வந்திருக்க வேணும்? பந்தெல்லோ வந்தது. நீராச் சொல்லட்டும் எண்டு இருந்தனான்."

பந்து வந்தது. காற்றடித்தோம். அக்கா தூக்கினார். அதே உயரம். என் கை எழும்பவில்லை. பந்து மண்ணில் விழுந்தது. அக்கா எடுத்து மறுபடியும் தூக்கினார். ஐந்தாம் முறை அடித்தேன்.

1983, ஆடி. தெற்கிலிருந்து மறுபடியும் எங்கள் ஆட்கள் உடுத்த உடுப்போடு வந்து இறங்கினார்கள். அன்று வலையை அவிழ்த்து மடித்தேன். இனி எண்ணிக்கை.

கடை ஒன்று. பலகை பதினொன்று. என் வலக்கால். இருந்து ஆடிய ஆறு பேரில் மூவர் தூர தேசம். ஒருவன் கடலில் போனான், செய்தியில்லை. இராசன் திரும்பவில்லை. மிச்சம் நான்.

சிவம். வயது இருபத்து நாலு. சாமிப் படத்துக்காக அவன் சாகவில்லை. நான் கேட்ட பந்துக்காகச் செத்தான். இராசன் நீட்டியது போல அன்று நானும் கையை நீட்டியிருந்தால், இந்த எண்ணிக்கையில் ஒன்று குறைந்திருக்கும்.