தானாகப் படித்தவன்

கண்டியிலிருந்து மடவளைக்குச் செல்லும் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஓர் இளைஞனும் அவனுடைய அக்காவும் அமர்ந்திருந்தனர். பாடசாலை ஒன்றில் உரையாற்றியதற்குக் கிடைத்த கேடயம் அவன் மடியில் இருந்தது. பஸ் நகர நெரிசலைக் கடந்தது. பிறகு அவள் கேட்டாள்:

"எனக்கு யாருமே சொல்லித் தரல்ல எண்டு மேடையில சொன்னியே தம்பி, அப்ப நான் யாரு?"

"ராத்தா..."

"இங்கிலீஷ் வீடியோவ நிப்பாட்டி நிப்பாட்டி ஒனக்குத் தமிழ்ல சொன்னது யாரு? கோடிங் எண்டா என்னெண்டே வெளங்காம சொன்னேன். எனக்குத்தான் பைத்தியம் புடிக்கப் பாத்திச்சு."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"கம்பனி தொடங்கின நாள்லேருந்து எங்க பேசினாலும் அந்தக் கதையத்தான் சொல்றேன் ராத்தா. சொல்லிச் சொல்லி நானே நம்பிட்டேன்."

"ஒனக்கு நான்தான் சொல்லிக் குடுத்தேன் எண்டா எங்கட மாமி நம்புறாவே இல்ல. ஒன்ட வாயால கேக்கட்டும் எண்டுதான் இண்டைக்கு அவவையும் கூட்டிக்கொண்டு வந்தேன்."

சாரதிக்குப் பின்னால் தனியே அமர்ந்திருந்த அவளுடைய வயதான மாமியாரை அவன் எட்டிப் பார்த்தான்.

"இப்பவே போய் மாமிக்கிட்ட சொல்றேன்."

அவள் அவன் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேணாம். இப்ப சொன்னா, நான் சொல்லச் சொன்னேன் எண்டு நெனப்பா."

மடவளையில் அவள் முன்னே சென்று, மாமியாரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். அவன் கேடயத்துடன், சற்றுப் பின்தங்கி இறங்கினான்.