ஈரம் வற்றினால்தான் நாதம்

பருத்திப்பட்டில் துவைத்த துணி சீக்கிரம் காயாது. ஏரிக்கரை ஊர்களில் எல்லாமே அப்படித்தான். உப்பு கசியும், அப்பளம் நமுத்துப்போகும், தீப்பெட்டியை மடியில் கட்டிக்கொண்டு தூங்க வேண்டும். நீங்கள் பட்டணத்திலிருந்து பூந்தமல்லிக்கு மாற்றலாகி வந்த மாஜிஸ்திரேட், உங்களுக்கு இது தெரிந்திருக்காது. ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். அதனால்தான் துணியிலிருந்து தொடங்குகிறேன்.

என் பெயர் சொர்ணம், தசரதன் மகள். பி.ஏ., தத்துவம், இரண்டாம் வகுப்பு. எங்கள் ஊரில் ஆண்களையும் சேர்த்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, குற்றத்துக்கு இது தேவைப்படுகிறது. என்னை மதராசில் ஹாஸ்டலில் வைத்துப் படிக்கவைக்க, ஏரிக்குக் கீழே இருந்த ஒரே கழனியை என் அப்பா விற்றார். இப்போது அதே கழனியில் கூலிக்கு வரப்பு வெட்டுகிறார். வாங்கியவன் குடை பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பான். "இன்னா தசரதா, பொண்ணு படிப்பு எத்தினி மூட்டை வெளஞ்சிது?" என்று தினம் ஒரு தடவை கேட்பான். அப்பா அடுத்த வரப்புக்கு நகர்ந்துவிடுவார்.

அதனால் ஊரில் யார் எதைக் கேட்டாலும் நான் 'தெரியாது' என்று சொன்னதில்லை. ஒரு தடவை சொன்னால் கழனி வீணாகப் போனதாக ஆகிவிடும். மருந்து பாட்டில், ரயில்வே ரசீது, மாட்டுக்கு வந்த கழிச்சல், சிங்கப்பூரில் காணாமல்போன பிள்ளை உயிரோடு இருக்கிறானா என்பது வரை எல்லாம் என்னிடம் வரும். சொல்லிவிடுவேன். பாதிக்குப் பாதி சரியாகவே இருந்தது. என்னைப் பெண் பார்க்க வந்த கூட்டமெல்லாம் பி.ஏ. என்று கேட்டதும் வெற்றிலையைத் தொடாமல் எழுந்து போனது. அவர்கள் படி இறங்கியதும், வெளியே காத்திருந்தவர்கள் மருந்து பாட்டிலோடு உள்ளே வந்தார்கள். ஊரின் நியாயம் இந்த லட்சணத்தில்தான் இருந்தது.

உலகச் சண்டை முடிந்து ஆவடி ராணுவக் கிடங்கில் ஏலம் விட்டார்கள் இல்லையா, அதில் காண்டிராக்டர் செங்கல்வராயன் ஒரு லாரி இரும்புக் கட்டில் எடுத்தார். கட்டில்களோடு நான்கு பழைய கிடார்களும் வந்து சேர்ந்தன. சிப்பாய்கள் விட்டுப் போனவை. இருப்பதிலேயே நல்லதைத் தான் வாங்கிக்கொள்வதாக ஒரு வெள்ளைக்காரத் துரைசாணி அவரிடம் சொல்லியிருந்தாளாம். நான்கையும் என் வீட்டில் இறக்கினார்.

"எதுல நாதம் நல்லா கீது, எது கைக்கு ஒத்து வருது, ரெண்டையும் பாத்து சொல்லு சொர்ணம். நீ சொன்னா சொன்னதுதான். இந்த ஊர்ல வேற யாரு படிச்சிகீறாங்க? வர வெள்ளிக்கெழமை வரேன்."

மருந்து பாட்டிலைக் காட்டியவர்கள்கூட, என்னிடம் கேட்டுவிட்டு வைத்தியரிடமும் போய்க் கேட்பார்கள். என் சொல்லே முடிவு என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

ஹாஸ்டலில் என் அறையில் அரக்கோணத்து ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருத்தி இருந்தாள். அவளிடம் கிடாரில் மூன்று பிடிகள் கற்றிருந்தேன். அது போதும் என்று நினைத்தேன்.

கைக்கு ஒத்து வருவதை ஒரே காலையில் முடித்துவிட்டேன். சின்னக் கிடாருக்குள்ளே 1887 என்று எழுதியிருந்தது. கழுத்து விறகுக்கட்டை மாதிரி தடிமன், ஆனால் தந்தி மரத்தை ஒட்டிக் கிடந்ததால் தொட்டாலே அழுந்தும். கறுப்புக் கிடாருக்குக் கழுத்து ஒல்லி. வருஷக்கணக்கில் வளைந்து, தந்தி தூக்கிக்கொண்டு நின்றது. அழுத்தி அழுத்தி விரல் நுனி பிளந்தது. பழுப்புக் கிடார் அமெரிக்காவில் செய்தது. அதை மடியில் வைப்பது எருமைக் கன்றை அணைத்துக்கொள்வது போல. நான்காவதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். இதிலெல்லாம் எனக்குக் குழப்பமே இல்லை. வலிக்கிறதா இல்லையா என்பது விரலுக்குத் தெரியும்.

நாதத்தில்தான் தாமதம் ஆனது.

நான் வாசிக்கிறேன் என்றதும் ஊரே முற்றத்தில் கூடியது. எல்லாருக்கும் ஒரு கருத்து இருந்தது. "சின்னது அழுவுதுடி, பெருசு சிரிக்குது," என்றாள் என் அம்மா கன்னியம்மாள். எதிர்வீட்டுப் பூங்காவனம் கறுப்புதான் தேன் என்றாள். ஏரி மடையைத் திறந்து மூடும் வேம்புலி கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "பழுப்புதான் பாப்பா. அடிவயித்துலேருந்து வருது பாரு. இதுல இன்னா சந்தேகம்?" என்றார்.

என்ன சந்தேகம் என்று அவர் கேட்டதை நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். காற்றில் ஈரம் இருக்கிறது, ஈரத்தில் மரம் ஊதியிருக்கும், இந்த நிலையில் நாதத்தை ஒப்பிடுவது நேர்மை ஆகாது என்றேன். மறுத்துப் பேச யாருக்கும் படிப்பில்லை.

வேம்புலிதான் ஒரு வழி சொன்னார். "மேளத்தை அனல்ல காட்டுவோம் இல்ல, அந்த மாரி காட்டு. ஈரம் எறங்கி கிண்ணுனு ஆயிடும்." வைக்கோலைக் கொளுத்தி நான்காவது கிடாரைக் காட்டினோம். மேளத்தில் இருப்பது தோல், கிடாரில் இருப்பது பசை. முதுகு தனியாகவும் வயிறு தனியாகவும் கழன்று, பிறகு இரண்டும் எரிந்தன. ஆகையால் என் ஒப்பீட்டில் மூன்று கிடார்களே இடம்பெறுகின்றன.

அதன்பின் முறையாக இறங்கினேன். குதிரில் உமியைக் கொட்டி அதற்குள் கிடார்களைப் புதைத்தேன். போதவில்லை. அடுப்புக்கு மேலே தொங்கவிட்டேன். சோறு பொங்கினால் ஆவி வரும், அதனால் அடுப்பில் உலை வைக்கக் கூடாது என்று சொன்னேன்.

"சோறு பொங்காம வயித்துக்கு இன்னாடி பண்றது?" என்றாள் அம்மா.

"பொரி தின்னலாம்."

"உங்க நைனா கழனிக்குப் போறாருடி. பொரி துன்னுட்டு மம்மட்டி புடிப்பாரா? இந்தக் கட்டை வந்து வரப்பு வெட்டுமா?"

அப்பாவுக்கு வேர்வை அதிகம். அவரை மாட்டுக் கொட்டகையில் படுத்துக்கொள்ளச் சொன்னேன். பாயைச் சுருட்டிக்கொண்டு போனார். "படிச்ச பொண்ணு, காரணம் இல்லாம சொல்லாது, வுடு," என்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது. கிணற்றைப் பலகை போட்டு மூடினேன். ஒவ்வொன்றுக்கும் பிறகு மூன்றையும் மீட்டிப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஈரம் மிச்சம் இருந்தது.

பிறகுதான் தெருவில் நின்று காற்றை முகர்ந்தேன். வீட்டில் குற்றமில்லை. ஏரிதான்.

சம்பா அறுப்பு முடிந்து, நவரைப் பயிர் முழங்கால் உயரம் நின்ற சமயம். ஏரியில் முக்கால் அளவு தண்ணீர். மடையைத் திறந்து வற்றவைக்க மாதக்கணக்கில் ஆகும். செங்கல்வராயன் வெள்ளிக்கிழமை வருகிறார். கரையை வெட்டுவதைத் தவிர வழியில்லை. வியாழக்கிழமை காலை, நல்ல வெயிலில், கோயில் வாசலில் நின்றவர்களிடம் நேராகப் போய்ச் சொன்னேன். மறைவாக எதையும் செய்யவில்லை என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

"ஏரியைக் காலி பண்ணணும். மம்மட்டி எடுத்துகினு வாங்க."

காரணத்தை அவர்களே சொல்லிக்கொண்டார்கள். "கொசுவுக்கா பாப்பா? ஆவடியில மிலிட்டரிக்காரன் குட்டையெல்லாம் மண்ணு போட்டு தூத்தான் இல்ல," என்றான் ஒருவன். "சர்க்காரு உத்தரவாத்தான் இருக்கும். பியே பொண்ணு சும்மா சொல்லுமா?" என்றான் இன்னொருவன். நான் ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. மண்வெட்டிகள் வந்தன. முதலில் வந்தது என் அப்பாவுடையது.

வேம்புலி மட்டும் ஓடிவந்து குறுக்கே நின்றார். "மடையைத் தொறந்து வுட்றேன் பாப்பா, கரையைத் தொடாதே. ஒரு தபா வாயைத் தொறந்துச்சின்னா மூடாது."

"மடை போதாது."

"மேலேருந்து உத்தரவா?"

நான் அவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"சரி. ஒரு முழம் வெட்டுங்கடா, போதும். நான் நின்னு பாத்துக்கறேன்," என்று வெட்டுகிற இடத்து விளிம்பிலேயே கம்பை ஊன்றி நின்றார்.

அவர் காலுக்குப் பின்னால் விரிசல் ஓடியது. அது நாலு விரல் அகலம் ஆகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன். கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் வேலை நின்றுவிடும். தவிர, எதிலும் சந்தேகமில்லாத மனிதர். சந்தேகம் வந்தால் தானே நகர்ந்துகொள்வார் என்று நினைத்தேன்.

கரை அவரோடு போனது. நவரைப் பயிர் போனது, கீழ்த்தெருக் குடிசைகள் போயின, என் அப்பா விற்ற கழனியில் ஆள் உயரத்துக்கு மணல் ஏறியது. அன்று சாயங்காலம் ஊர் அழவில்லை, அதையும் எழுதுங்கள். சேற்றில் கெண்டையும் விராலும் துள்ளின. கூடை கூடையாக அள்ளினார்கள். தெருவெல்லாம் மீன் குழம்பு வாசனை. "எல்லாம் பியே பொண்ணு புண்ணியம்," என்று பூங்காவனம் எனக்கும் ஒரு சட்டி கொண்டுவந்தாள். ஆவி பறந்தது. வாசலோடு திருப்பி அனுப்பினேன். வேம்புலியின் பெண்சாதி மட்டும் கரையில் மேலும் கீழும் நடந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். மறுநாள் கூவத்து ஓரம் தாழம் புதரில் அவர் கிடைத்தார்.

பாதை அறுந்துபோனதால் செங்கல்வராயன் இரண்டு வாரம் கழித்துத்தான் வந்தார். அதுவரை என்னையும் யாரும் பிடிக்கவில்லை. 'ஏரியை வெட்ட உத்தரவு உங்களிடமிருந்து போனதா?' என்று ஆபீஸ்கள் ஒன்றையொன்று கேட்டு எழுதிக்கொண்டிருந்தன. அதற்குள் ஏரி பாளம் பாளமாக வெடித்துவிட்டது. ஈரத்தில் ஊதியிருந்த கதவுகள் ஊரெங்கும் உரசாமல் மூடிக்கொண்டன.

முற்றத்தில் உட்கார்ந்து மூன்றையும் வாசித்தேன். அம்மா வரவில்லை. அப்பா கொட்டகை வாசலில் நின்றார்.

"இன்னாமா, எது?" என்றார் செங்கல்வராயன்.

"கறுப்பு. கழுத்தைச் சரிபண்ணிக்கொண்டால் கைக்கும் ஒத்து வரும்."

"அவ்ளோதான். இதுக்குத்தான் படிச்சவங்க வேணும்கிறது," என்று அப்பாவின் முதுகில் தட்டினார். "உன் கழனி எங்கயும் போவல தசரதா." அப்பா நாலு பேர் எதிரில் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

உண்மையைச் சொல்வதாக ஒப்புக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சொல்லிவிடுகிறேன். மூன்றும் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்டன. முதல் நாளும் அப்படித்தான், ஏரி வற்றிய பிறகும் அப்படித்தான். இதை வைத்து நீங்கள் அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடக் கூடாது. என் காதில் ஒரு குறையும் இல்லை. இந்த மாதத்தில் காற்று தெற்கிலிருந்து வருகிறது, ஐயா. தெற்கே செம்பரம்பாக்கம் ஏரி இன்னும் தளும்பிக்கொண்டுதான் இருக்கிறது.