கூட்டி வைத்த மழை

— அந்த நாற்காலியை ஏன்டா கட்டிப்பிடிச்சுக்கிட்டு நிக்கிறே? மடக்கி அடுக்கு. கூட்டம் முடிஞ்சு எல்லாரும் போயாச்சு.

— அக்கா, நீ ஏரிக் கமிட்டித் தலைவி. உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோவப்படக் கூடாது.

— இன்னிக்கு எனக்குக் கோவமே வராது ராசா. வயக்காரங்களும் மீன்காரங்களும் மூணு வருஷமா ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்ததில்ல. இன்னிக்குக் கையைக் குலுக்கிட்டுப் போறாங்க. எல்லாம் என் விஞ்ஞானித் தம்பி பேசின பேச்சு!

— நானும் அப்படித்தான் நெனச்சேன். கைதட்டினப்ப ஒரு கும்பிடு வேற போட்டேன். என் பேச்சுல அவங்க மனசு மாறலக்கா. மாறினது மழை.

— புரியற மாதிரி பேசு.

— கம்ப்யூட்டர்ல ஏரிக் கணக்கு போட்டுக் காட்டினேன்ல? காலையில என்ன வந்துச்சு?

— வயலுக்குக் கேட்ட தண்ணியை விட்டா, கோடைக்கு முன்னாடியே ஏரி வத்தி மீனெல்லாம் செத்துடும்னு வந்துச்சு. அதுக்குத்தானே அந்தக் கூச்சல்.

— டீ நேரத்துல மீன்காரத் தலைவர், "மழை நல்லாப் பெஞ்சா எப்படி சார் இருக்கும்"னு கேட்டார். என்கிட்ட ஒருத்தர் சந்தேகம் கேட்டாப் போதுமே! மழையை ரெண்டு மடங்காக் கூட்டிக் காட்டினேன். திரையில ஏரி ததும்புச்சு. "அடேங்கப்பா"ன்னார். அதுல மயங்கினவன்தான், மழையைத் திரும்பக் குறைக்க மறந்துட்டேன்.

— ஐயையோ! அப்ப மத்தியானம் பூரா?

— வானத்துல இல்லாத தண்ணியை எல்லாருக்கும் தாராளமாப் பங்கு போட்டுக் குடுத்தேன். வயலுக்கும் தாராளம், மீனுக்கும் தாராளம். இதுக்கு எனக்குக் கைதட்டு.

— மெதுவாப் பேசுடா. இது யாருக்குத் தெரியும்?

— உனக்கும் எனக்கும்.

— அப்ப அப்படியே இருக்கட்டும். நாளைக்கு மதகுக் கதவைத் திறந்து வயலுக்குத் தண்ணி விடட்டும். மழை ஒருவேளை நல்லாவே பெஞ்சுடும்.

— ஒருவேளையை நம்பி மீன் நீந்துமாக்கா?

— போடா! இப்பப் போய்ச் சொன்னா பழையபடி அடிதடி. அப்புறம் உன் கணக்கை எவன் நம்புவான்? என்னையும் சேர்த்துத்தான் சிரிப்பாங்க.

— தெரியும். இப்படியே பையைத் தூக்கிக்கிட்டு, கைதட்டு வாங்கினவனாவே ஊரை விட்டு ஓடிடலாமான்னுதான் நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்.

— அம்மா, சார், உள்ள வரலாமா? மதகுக்காரன் வந்திருக்கேன்.

— வாங்க மதகுக்காரரே. நாளைக்குக் காலையில கதவைத் திறக்கணும், தெரியும்ல?

— திறக்காதீங்க!

— தம்பி, சும்மா இரு.

— முடியலக்கா. மதகுக்காரரே, கணக்கு தப்பு. மழையைக் கூட்டி வெச்சவன் குறைக்க மறந்துட்டேன். முழுக்க என் முட்டாள்தனம். நெசமான மழைக்குக் கணக்குப் போட்டா, ரெண்டு தரப்புக்குமே கேட்டது கிடைக்காது. நானே போய் அவங்ககிட்ட சொல்றேன். அடிச்சா வாங்கிக்கறேன். என்ன, ஏன் சிரிக்கிறீங்க?

— அப்பாடான்னு இருக்கு சார், அதான். டீ நேரத்துல கூட்டின மழையை நீங்க குறைக்கலேன்னு மீன்காரத் தலைவர் அப்பவே கவனிச்சுட்டார். ரெண்டு தலைவரும் டீக்கடையில ஒரே பெஞ்சுல உட்கார்ந்திருக்காங்க. "கணக்குல மழை கூடிப்போய்க் கெடக்கு, சார் தானா வந்து சொல்றாரா பாரு. சொன்னார்னா அடுத்த கணக்கு எது வந்தாலும் எங்களுக்குச் சம்மதம், சொல்லலேன்னா கதவைத் தொடாதே"ன்னுதான் என்னை உள்ள அனுப்பினாங்க.